ஒரு நாளுக்கு ஒன்று

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரைச் 'சொட்டு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். குடுவைத் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்துகிறவர். மற்றவர்களுக்கு ஒரு சொட்டு கூடப் போனால், "பரவால்ல, விடு" என்று எழுதிக்கொள்வார்கள். இவர் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

காரணம் மகள். கல்யாணம் ஆகி, நாலு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிற ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்தேழு வயசாகியும் அவருக்குப் 'பாப்பா'தான். தினமும் ஐந்தேகாலுக்கு, கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து அப்பாவுக்குப் போன் செய்வாள். அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமையும் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"வா பாப்பா. மாப்பிள்ளையும் வர்றாரா?"

"இல்ல, நான் மட்டும்தான். எனக்கு அம்மா பேசினதெல்லாம் வேணும்."

"எதும்மா?"

"அதான், உங்க போனுக்குப் பேசிப் பேசி அனுப்புவாங்கல்ல. ஒண்ணு விடாம வேணும். அதுலயும் கடைசியா என்னைப் பத்தி ஏதோ சொன்னாங்கன்னீங்களே, அதை நான் என் காதால கேக்கணும்."

"கேக்கலாம்மா."

"எட்டு மாசமா கேக்கலாம் கேக்கலாம்னுதான் சொல்றீங்க. முதல்ல போன் ரிப்பேர்னீங்க. அப்புறம் கடையில குடுத்திருக்கேன்னீங்க. உண்மையச் சொல்லுங்கப்பா. அப்படி ஒண்ணு இருக்கா? இல்ல, இவ மனசு ஆறட்டும்னு நீங்களா சொன்னீங்களா?"

"இருக்கு பாப்பா. சத்தியமா இருக்கு."

இருக்கத்தான் செய்தது. அவர் பொய் சொன்னது வேறு இடத்தில்.

மகள், வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் நல்ல பையன்தான். கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை என்பதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. விஷயம் கீழ்வீட்டு அம்மாள் வாய்வழியாக அவள் காதுக்கு வந்தது. "எனக்குத் தெரியாத சேதி, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அன்றைக்கு அடுப்பை அணைத்தவள், மகள் பேரையே எடுக்கவில்லை. மகள் போன் செய்தால் எடுக்க மாட்டாள். அவள் நம்பரையும் தன் போனிலிருந்து அழித்துவிட்டாள். ஒரு வருஷம் இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை. மலை மலையாக வந்து விழுகிற போர்வைகளையும் விரிப்புகளையும் பிரித்து, மெஷினில் போட்டு, ஆவியில் உலர்த்தி, எதிரில் ஓர் ஆளை நிறுத்தி நாலாக மடிக்க வேண்டும். சலவை மருந்தில் ஊறி ஊறி விரல் நுனித் தோலெல்லாம் தேய்ந்துபோய், போன் திரை அவள் விரலை மதிக்காது. "இந்தப் போனுக்குக்கூட என்னைக் கண்டா இளக்காரம்" என்பாள். அதனால் விரல் முட்டியால் ஒலிவாங்கிப் படத்தை அழுத்திக்கொண்டு பேசியே அனுப்புவாள். ஒரு நாளைக்கு மூன்று, நாலு, கோபம் வந்தால் ஏழு. பின்னால் மெஷின் உறுமும். மேஸ்திரியைத் திட்டுவாள், யாரோ போர்வைக்குள் விட்டுவிட்டுப் போன பல்செட்டைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள், குக்கரை மூன்று விசிலில் இறக்கச் சொல்வாள். அவர் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த குடுவையை எடுப்பார்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அப்படித்தான் அந்தச் செய்தி வந்தது. மகளை வரச் சொல்லி. அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை காலை, மடித்த விரிப்பை அடுக்கப் போனவள் அந்த அடுக்கின் மேலேயே சாய்ந்துவிட்டாள். தூக்கி எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆஸ்பத்திரிக்குள்ளேயேதான் இருந்தாள். இருந்தும் ஒன்றும் பலிக்கவில்லை.

மயானத்திலிருந்து வந்த அன்று மகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "என் மேல கோபத்தோடவே போயிட்டாங்களே" என்று அழுதபோது, அவர் சொன்னார்: "இல்ல பாப்பா. அவ உன்னை மன்னிச்சிட்டா. நேத்து சாயங்காலம்தான் உன்னை வரச் சொல்லி எனக்கு அனுப்பினா. காலையில உனக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

'நேத்து சாயங்காலம்' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் பொய். பத்து நாளை ஒரு நாளாக்கிவிட்டார்.

மனைவியின் போன் அன்றைய களேபரத்தில் தொலைந்துவிட்டது. அவருடைய பழைய போனோ திரை செத்துக் கிடந்தது. ரிப்பேர் கடைக்காரம்மா அதிலிருந்து மனைவியின் குரலையெல்லாம் உருவி ஒரு பென்டிரைவில் கொடுத்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு, பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார் சார். போன் குப்பைக்குப் போயிற்று. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ஃபைல்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியும், ஒன்றிலிருந்து தொடங்கி ஓடுகிற வரிசை எண்ணும் இருந்தன. எட்டு மாதமாக ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் புதன்கிழமைச் செய்தியின் தேதியைக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கையால் மாற்றினால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் இருந்தது கடைசிக்குப் போய் உட்கார்ந்தால், நடுவில் ஓர் எண் பல் விழுந்த மாதிரி தெரியும். மகள் கண்ணாடிக் கடைக்காரி. நூலளவு வித்தியாசம் பார்த்தே பிழைக்கிறவள். ஆகவே எல்லாப் பெயரிலிருந்தும் எண்ணை எடுத்துவிட்டுத் தேதியை மட்டும் விட்டுவைப்பது என்று முடிவு செய்தார். அப்புறம் அந்த ஒன்றைச் சரிக்கட்டிவிடலாம். 'பாப்பாகிட்ட சொன்னீங்களா' என்று மனைவி பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பாள். அதையும் தேடி நீக்கிவிடலாம்.

இரண்டாயிரம் பெயரைக் கையால் மாற்ற முடியுமா? அதற்குத்தான் அவரிடம் புரோகிராம் இருந்தது. பரிசோதனைக் கூடத்துக்காக அவரே எழுதியது. அங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு ஃபோல்டர். ஒரு கிணற்றுக்கு ஒரு நாளில் ஒரே முடிவுதான். மீட்டர் ஃபைல் பெயரில் ஒட்டுகிற வரிசை எண்ணையெல்லாம் தட்டிவிட்டு, தேதியை ஃபைலின் பெயராக வைக்கும். சந்தேகம் வந்து அதே நாளில் மறுசோதனை செய்தால், புதிய முடிவுதான் நிற்க வேண்டும், பழையது இருக்கவே கூடாது என்பது அங்கே சட்டம். அதற்காகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் அதை நீக்கிவிட்டு இதை வை. யாரையும் கேட்காதே. அந்த வரியில் அவருக்கு ரொம்பப் பெருமை. ஆறு வருஷத்தில் ஒரு தவறு வந்ததில்லை.

ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றினார். தட்டினார். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. '2316 ஃபைல்கள் பெயர் மாற்றப்பட்டன' என்று வந்தது. பிழை எதுவும் இல்லை.

திருப்தியாக ஃபோல்டரைத் திறந்தார். கீழே ஓரத்தில், 611 என்று இருந்தது.

ஏதோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மூடித் திறந்தார். 611. அவருக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரோகிராம் சொன்னபடி கேட்டிருக்கிறது. ஒரு நாளின் இரண்டாவது செய்தி வந்து முதலாவதை நீக்கியிருக்கிறது. மூன்றாவது வந்து இரண்டாவதை. கடைசியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அன்றைய கடைசிச் செய்தி. புதன்கிழமை பதினோரு மணிச் செய்தியை, அன்றைக்குச் சாயங்காலம் வந்த ஏதோ ஒன்று தின்றுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. மழையில் கிணறுகளெல்லாம் கலங்கிப்போய் முப்பது பாட்டில் வந்திருந்தது. பாட்டில் கழுவுகிற அக்கா தொட்டியில் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"என்ன சார், மூணு தடவை கொட்டிட்டீங்க? நான் கழுவுற வேகத்துக்கு நீங்க கொட்டுறீங்க."

"கை நிக்க மாட்டேங்குதுக்கா."

"காய்ச்சலா?"

"இல்ல." குடுவையைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா நாளைக்கு வருது. அவ அம்மா பேசினதெல்லாம் வெச்சிருந்தேன்ல, அழிச்சிட்டேன்" என்றார்.

அக்கா பிரஷைக் கீழே வைத்தாள். "அடப்பாவி மனுஷா. இந்தச் சாக்கடைத் தண்ணிக்கே ஒண்ணுக்கு ரெண்டு பாட்டில் எடுத்து, ஒண்ண ஃபிரிட்ஜ்ல பூட்டி வைப்பீங்களே. பொண்டாட்டி குரலுக்கு ஒரு பாட்டில்தானா?"

அவர் குடுவையை மறுபடி கையில் எடுத்தார்.

"பாப்பாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"அதான் தெரியல."

"என்ன தெரியல? போன் தண்ணியில விழுந்துச்சு, எல்லாம் போச்சுன்னு சொல்லுங்க. யாரு பார்த்தா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அது வராது. விடுங்க" என்று மறுபடியும் பிரஷை எடுத்தாள். வராது என்று அவள் சொன்னதுதான் அவரை மிகவும் சுட்டது.

மத்தியானம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரம்மா ஒரு மணி நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய மாதிரி சுத்துற டிஸ்க்கா இருந்தா கொஞ்சமாவது தோண்டி எடுக்கலாம் சார். இது புது மாதிரி. வேகமா இருக்கும், ஆனா அழிச்சா அடியோட துடைச்சிரும்."

"ஒண்ணே ஒண்ணுகூடக் கிடைக்காதாம்மா?"

"இருக்கிறதையாவது பத்திரமா ரெண்டு இடத்துல வையுங்க சார்."

வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல், எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டார். முதல் ஃபைலில், மெஷின் சத்தம் இல்லாமல், சமையலறை அமைதியில் மெதுவாகக் கேட்டாள்: "எங்க வர்றீங்க?" அடுத்ததில், "எங்க வர்றீங்க? குடை இருக்கா?" அதற்கடுத்ததில், "கிளம்பியாச்சா, இல்ல இன்னும் சொட்டு எண்ணிட்டிருக்கீங்களா?" அவள் இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள்; அவர் ஆறுக்கு மேல்தான் பஸ் ஏறுவார். அவளுடைய கடைசிச் செய்தி எப்போதும் அந்த நேரத்தில் வரும். மேஸ்திரியும் பல்செட்டும் சிரிப்பும் போய்விட்டன. அறுநூறு சாயங்காலம் மட்டும் மிஞ்சி, அவள் இவரை எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாய்விட்டு அழுதார்.

அப்புறம் கடைசி ஃபைல்களுக்கு வந்தார். அந்தப் புதன்கிழமை முதல் கடைசி வெள்ளிக்கிழமை வரை, நடுவில் ஒரு ஞாயிறு நீங்கலாக, ஒன்பது. ஒன்பதையும் கேட்டார். இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கேட்டு முடித்தபோது சட்டை உடம்பிலேயே காய்ந்திருந்தது.

ஒன்பதையும் தேர்ந்தெடுத்து அழிப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தார். அழித்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் உலகத்தில் அவள் மகளைப் பற்றிப் பேசினதற்கு வேறு சாட்சி கிடையாது. கையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். சமைக்கவில்லை. படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அதெல்லாம் எங்கப்பா?" என்றாள்.

"உக்காரு பாப்பா. டீ போடறேன்."

"அப்புறம் குடிக்கலாம்."

அவர் நின்றுகொண்டே சொன்னார். புரோகிராம், ஒரு நாளுக்கு ஒன்று, 611, புது மாதிரி டிஸ்க். அவள் கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது இல்ல."

"இல்லம்மா."

"ஒரு நாளைக்கு அம்மா ஒரு தடவை பேசினா போதும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"பாப்பா..."

"இருந்துச்சா, அதைச் சொல்லுங்க. அம்மா என்னை மன்னிச்சிட்டாங்கன்னு சொன்னீங்க. அம்மா வாயில அந்த வார்த்தையெல்லாம் வராதுப்பா. எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்."

"அந்த வார்த்தை நான் சொன்னது. அவ அப்படிச் சொல்லல."

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

அவர் பரிசோதனை முடிவை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்: "'அந்தக் கழுதைய ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. பீரோ பூரா அவ துணி. மடிச்சு மடிச்சு வைக்க நான் என்ன சம்பளத்துக்கு இருக்கேனா? ஆஸ்பத்திரியில மடிக்கிறது போதாதா? வந்து அள்ளிட்டுப் போகட்டும். அந்தப் பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மூட்டை தூக்க ஆள் வேணாமா?'"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "மூட்டை தூக்கவா?" என்றாள். "அவரை மூட்டை தூக்க வரச் சொன்னாங்களா?" தோள் குலுங்கியது. "இது அம்மாதான். உங்களுக்கு இப்படியெல்லாம் கட்டிச் சொல்ல வராது. அம்மாவேதான்."

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும்பா. எனக்கு இது போதும். மிச்சம் இருக்கிறத ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க. வீட்டுல போய்ப் பொறுமையா கேட்டுக்கறேன்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அறுநூறையும் கேட்டு முடித்து அவள் கடைசிக்கு வர மாதக்கணக்காகும். அந்த ஒன்பதைக் கழித்துவிட்டும் கொடுத்திருக்கலாம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டார்.

"குடுக்கறேன். கடைசி ஒம்போதை மட்டும் இங்கயே, என் முன்னாடி கேட்டுரு."

"எதுக்கு?"

"கேளும்மா."

முதலாவது: "எங்க வர்றீங்க? பாப்பாகிட்ட சொன்னீங்களா?"

இரண்டாவது: "சொன்னீங்களா? என்ன சொன்னா?"

மூன்றாவது: "லைன் கிடைக்கலையா? உங்களுக்கு மட்டும் தினமும் கிடைக்குமே. இன்னிக்கு எப்படியாவது சொல்லிருங்க."

நாலாவதில் பாத்திரச் சத்தம் கேட்டது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எத்தன பேருக்குச் சமைக்கணும்னு தெரியணும்ல. சீக்கிரம் வாங்க."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது, திங்கட்கிழமை: "லீவு இல்லைன்னாளா, இல்ல வரமாட்டேன்னாளா? எங்கிட்ட மறைக்காதீங்க."

ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றிலும் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. எட்டாவதில், "அவளுக்கு ரோஷம் இருக்காதா? ஒரு வருஷம் நான் பேசலையே" என்றாள். ஒன்பதாவது, வெள்ளிக்கிழமை: "எங்க வர்றீங்க? உங்கள நம்பினா ஆகாது போல. நாளைக்கு வேலை விட்டு வந்து நானே அவளுக்குப் போன் பண்றேன். நம்பரை மட்டும் தேடி வையுங்க."

அதற்கப்புறம் ஃபைல் இல்லை.

"ஒம்போது நாள்" என்றாள் மகள்.

"ஆமா."

"ஒம்போது நாளும் அஞ்சே காலுக்கு உங்களுக்குப் போன் பண்ணேன். கடைக்குள்ள எலி புகுந்த கதையெல்லாம் சொன்னேன்."

"ஆமா பாப்பா. அந்தத் தேதிய மறைக்கத்தான் பேரையெல்லாம் மாத்தப் போனேன். அதுலதான் எல்லாம் போச்சு."

"ஏன்பா சொல்லல?"

ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பதில் எதுவும் வாயில் வரவில்லை. உள்ளதுதான் வந்தது.

"நீ ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணுவியே, நான் எடுத்தா என்ன சொல்லுவ? 'அப்பா, அம்மாகிட்ட குடுங்க.' அவ்வளவுதான். வேலைக்குப் போனப்பவும் அதான். உனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து நான் போனைக் கை மாத்துற ஆளு. அவ பேசாம இருந்த அந்த ஒரு வருஷம்தான் நீ எங்கிட்ட பேசின. கடையப் பத்தி, அவரைப் பத்தி, தலைவலியைப் பத்தி. ரெண்டு பேரும் ராசியாயிட்டா மறுபடியும் அம்மாகிட்ட குடுங்கன்னு ஆயிடும்னு... இன்னும் ஒரு வாரம் எங்கிட்டயே பேசட்டும்னு நினைச்சேன். ஒரே ஒரு வாரம். வேற ஒண்ணும் இல்லம்மா."

வெளியே மழை விட்டுவிட்டுத் தூறியது. மகள் எழுந்து, ஒன்பது ஃபைலையும் அவளே தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். மற்றவற்றைத் தொடவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்லப்பா. அம்மாகிட்ட பேசியிருந்தாலும் உங்களுக்கு அஞ்சே காலுக்குப் போன் பண்ணியிருப்பேன்."

பஸ் நிறுத்தம்வரை கூடவே போனார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஒரே குடைதான் இருந்தது. இரண்டு பேரும் பாதிப் பாதி நனைந்தார்கள். பஸ் வருவது தூரத்தில் தெரிந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குப் போன் பண்ணுவியா பாப்பா?"

"தெரியலப்பா" என்றாள்.

ஏறிக்கொண்டாள். அவர் குடையைச் சாய்த்து ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். அவளுக்குப் பஸ்ஸின் மறுபக்கத்து சீட்தான் கிடைத்திருந்தது.